பாலுக்கு முன் சூடு, வீட்டுக்கு முன் எட்டு வாரம்

வாசகர் கேள்வி – பதில்

தாயில்லாத பூனைக்குட்டிகளை வளர்த்து வீடு பார்த்து அனுப்புவதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறை பல வருஷமாகக் குட்டிகளுக்கென்றே ஒதுக்கியது. அங்கே பார்த்ததையும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். கடிதங்களில் பாதிக்கு மேல் ‘உடனே என்ன செய்யணும்?’ என்ற தவிப்பு. பல இடங்களில் என் பதில் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்றுதான் இருக்கும். குட்டிகள் விஷயத்தில் நம் அவசரம்தான் அதிக உயிரை எடுக்கிறது.

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்கு அடியில் கண் திறக்காத மூன்று குட்டிகள் கிடக்கின்றன. காலையிலிருந்து தாயைக் காணோம். கீழே எடுத்து வந்து பால் கொடுக்கலாமா? மனுஷ வாடை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார் என் மாமியார். (வாசகி, கும்பகோணம்)

பதில்: இப்போதைக்கு எடுக்காதீர்கள். தாய்ப்பூனை நாள் முழுக்கக் குட்டிகளோடு படுத்திருந்தால் அதற்கு யார் சாப்பாடு போடுவது? இரை தேடிப் போயிருக்கும். நீங்கள் டேங்க் பக்கத்திலேயே நின்றால், பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து நீங்கள் எப்போது நகர்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் கீழே இறங்கி வந்துவிடுங்கள்.

குட்டிகளைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். வயிறு உருண்டையாக, ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் பால் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது. வயிறு ஒட்டிப்போய், தொட்டால் சில்லென்று இருந்து, விடாமல் கத்தினாலோ, உடம்பில் எறும்பு ஏறியிருந்தாலோ விஷயம் வேறு. அப்போது காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் சந்தேகமாக இருந்தால், குட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி அரிசிமாவை மெல்லிசாகத் தூவி விட்டு வாருங்கள். கல்மாவு வேண்டாம், அரிசிமாவு. சில மணி நேரம் கழித்து அதில் பாதத்தடம் இருந்தால் தாய் வந்து போகிறது என்று அர்த்தம்.

மாமியார் சொல்வதை எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் மனித வாடைக்காகத் தாய்ப்பூனை குட்டியை விட்டுவிடுவதில்லை. ஆள் நடமாட்டம் அதிகமானால் இடத்தை மாற்றும், அவ்வளவுதான். பூனை ஏழு வீடு மாற்றும் என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொன்றாகத்தான் கவ்விக்கொண்டு போகும். அதனால் ஒரே ஒரு குட்டி மட்டும் தனியாகக் கிடந்தாலும் கைவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அடுத்த நடைக்குத் தாய் வரக்கூடும். பிடரியைக் கவ்வியதும் குட்டி கை கால் எல்லாவற்றையும் தளர்த்தித் தொங்கிவிடும். எங்கள் ஊரில் தென்கலை வைணவர்கள், இறைவனிடம் சரணடைவதற்கு மார்ஜார நியாயம், அதாவது பூனைக்குட்டி உவமை, சொல்வது இந்தக் காட்சியைப் பார்த்துத்தான். குட்டி எதுவும் செய்ய வேண்டாம், தாய் பார்த்துக்கொள்ளும்.

தாய் வந்து போகிறது என்று உறுதியானால் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. டேங்குக்கு அடியில் வெயில் சாய்ந்து விழும் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நிழல் கொடுங்கள். தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் குட்டிகளிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் அந்த வாசனைக்குக் கடுவன் பூனை வந்து குட்டிகளைக் கடித்துவிடும். தாய்ப்பால் கிடைக்கும் குட்டிக்கு நாம் கொடுக்கும் எந்தப் பாலும் ஈடாகாது. நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் போகிறது.

கேள்வி: மழையில் சாக்கடை ஓரம் ஒரு குட்டி கிடந்தது. கண் திறக்கவில்லை. அறைக்கு எடுத்து வந்து இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தேன். மூக்கு வழியாகப் பால் வந்துவிட்டது. பயமாக இருக்கிறது, அம்மா. சங்கில் புகட்டலாமா? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: பயப்படாதேம்மா. ஆனால் சங்கும் பாலாடையும் வேண்டவே வேண்டாம். அவற்றில் பாலை நாம் ஊற்றுகிறோம். குட்டிக்குச் சப்பத்தான் தெரியும். ஊற்றிய பால் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவாகிவிடும். மூக்கில் பால் வந்தால் தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்துத் துடைத்துவிடு. அதன்பிறகு மூச்சில் களகளவென்று சத்தம் கேட்டாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கமே, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

இனி வரிசையாகச் சொல்கிறேன். நனைந்து சில்லிட்ட குட்டிக்கு முதலில் வேண்டியது பால் அல்ல, சூடு. உடம்பு குளிர்ந்திருக்கும்போது அதன் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் அப்படியே தேங்கிக் கெட்டுப்போகும். உன் சுண்டுவிரல் நுனியை அதன் வாய்க்குள் லேசாக வைத்துப் பார். உள்ளே வெதுவெதுப்பு தெரியாமல் சில்லென்றிருந்தால் பாலைத் தொடாதே. ஈரத்தைத் துண்டால் ஒற்றியெடுத்து, உன் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள். அதற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். வெந்நீரில் முக்குவது, ஹீட்டர் முன்னால் வைப்பது எல்லாம் கூடாது, சூடு மெதுவாகத்தான் ஏற வேண்டும். ரொம்பத் துவண்டிருந்தால் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரை ஈறில் தடவலாம்.

பிறகு படுக்கை. அட்டைப்பெட்டியில் பழைய வேட்டித் துணி. ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டு சுற்றி ஒரு பக்கம் மட்டும் வை. மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக வேண்டுமே. முதல் வாரத்தில் அது படுத்திருக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு இருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் பாட்டிலே தேவைப்படாது. மழைக்காலத்திலும் ஏசி அறையிலும் கண்டிப்பாக வேண்டும்.

பசும்பாலை நிறுத்திவிடு. பூனைப்பாலில் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. பசும்பாலில் புரதம் குறைவு, பால்சர்க்கரை அதிகம். குட்டிக்கு வயிற்றுப்போக்கு ஆகிவிடும். இந்த வயதில் வயிற்றுப்போக்கு ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். வளர்ப்புப் பிராணிகள் கடையிலும் ஆன்லைனிலும் பூனைக்குட்டிகளுக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது. விலை கூடத்தான். தோழிகள் சேர்ந்து போட்டு வாங்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும் பதத்தில் கொடுக்க வேண்டும்.

கொடுக்கும் விதம்தான் முக்கியம். மனிதக் குழந்தையைப்போல மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்கவே கூடாது. மடியில் துண்டை விரித்து, குட்டியைக் குப்புற விட்டு, முன்கால்களுக்குக் கீழே துண்டின் ஓரத்தைச் சுருட்டி வை. தாயின் வயிற்றில் முட்டிக் குடிப்பதுபோல அதுவாகத் தலையைத் தூக்கட்டும். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் போதும். நுனியை உதட்டோரமாக நாக்கின்மேல் வைத்து, சொட்டுச் சொட்டாக, அது விழுங்க விழுங்கத்தான் தள்ள வேண்டும். சரியாகச் சப்பும்போது காது இரண்டும் லேசாக ஆடும், முன்பாதங்கள் துண்டைப் பிசையும். அந்தக் காது ஆடுவதைப் பார்த்துவிட்டால் எனக்கு மனசு இறங்கும். வாயோரம் நுரை வந்தால், தலையைத் திருப்பினால் நிறுத்திவிடு. 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தட்டு.

தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதிவை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏறினால் நல்லது. ஒருநாள் ஏறாமல் நின்றால் உற்றுப் பார். இறங்கினால் மருத்துவரைப் பார்.

கேள்வி: நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வாரக் குட்டிகளை வளர்க்க முடியுமா? இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கும்? (தம்பதி, கோவை)

பதில்: முதல் வாரத்தில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவும் அப்படித்தான். உங்களிடம் இருப்பவை இரண்டு வாரக் குட்டிகள் என்பதால் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. மூன்றாவது வாரம் முடியும்போது இரவில் ஒரு தரம் எழுந்தால் போதும். பகலில் வீட்டில் ஆள் இல்லாமல் முடியாது. ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், இல்லையென்றால் பெட்டியோடு அம்மா வீட்டில் விடலாம். இரண்டுக்கும் வழியில்லையென்றால், வளர்க்கக்கூடிய ஒருவரைத் தேடி ஒப்படைப்பதுதான் குட்டிகளுக்குச் செய்யும் நன்மை. அவர்களுக்குப் பால்பவுடர் வாங்கிக் கொடுங்கள்; அதுவும் வளர்ப்பதில் பங்குதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக் குட்டிகளுக்குத் தானாக மூத்திரமும் வராது, மலமும் வராது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்னும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெல்ல ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் புண்ணாகிவிடும். மூத்திரம் ஒவ்வொரு முறையும் வரும்; மலம் நாளுக்கு ஓரிரு தரம். மூன்று, நான்கு வாரமானால் அவையாகவே மூலை தேட ஆரம்பிக்கும். அப்போது ஒரு தாழ்வான தட்டில் ஆற்றுமணலோ கிழித்த செய்தித்தாளோ போட்டு வையுங்கள். ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் இப்போது வேண்டாம். குட்டிகள் எதையும் வாயில் வைக்கும், வயிற்றில் போய்க் கட்டிக்கொள்ளும்.

கேள்வி: குட்டிகள் இருக்கும் பெட்டியில் எறும்பு வருகிறது. சுற்றிலும் எறும்புச் சாக்பீஸ் போட்டு, அறையை ஃபினாயில் விட்டுத் துடைக்கிறோம். போதுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

பதில்: ஐயா, இரண்டையும் இன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். எறும்புச் சாக்பீஸில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து பூனைகளுக்கு நரம்பைத் தாக்கும் விஷம். ஃபினாயிலும் அப்படியே. பூனையின் கல்லீரலால் அந்த வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்ற முடியாது. தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்தால் போதும். எறும்புக்கு நம் பழைய வழியே சிறந்தது. பெட்டியை ஒரு முக்காலிமேல் வைத்து, கால்களைத் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களில் இறக்கிவிடுங்கள். குட்டி தவறி விழாதபடி பெட்டியின் சுவர் உயரமாக இருக்கட்டும். பால் சிந்திய துணியை உடனுக்குடன் மாற்றினால் பாதி எறும்பு வராது.

இதோடு சேர்த்து எல்லோருக்கும் சொல்கிறேன்: குட்டிக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை பெரிய பூனையையே கொல்லும். உண்ணிக்கு நாய்க்கான மருந்தை ஊற்றாதீர்கள். இந்த வயதில் உண்ணிச் சீப்பால் சீவி எடுப்பதுதான் பத்திரம்.

கேள்வி: மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஐந்தாம் மாதம். வீட்டில் பூனையும் குட்டி போட்டிருக்கிறது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை ஆகாது, கொண்டுபோய் விட்டுவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். (வாசகி, சேலம்)

பதில்: பயத்தில் நியாயம் இருக்கிறது, பரிகாரம்தான் தவறு. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றித்தான் சொல்கிறார்கள். கர்ப்ப காலத்தில் முதன்முதலாக அது தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம் என்பது உண்மை. அது வருவது பூனையின் மலத்திலிருந்து. மலத்தில் வந்தாலும் உடனே தொற்றாது. அதற்கு ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். அதனால் மணல் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் பெரும்பகுதி ஆபத்து முடிந்தது. மகள் அதைத் தொட வேண்டாம். தோட்டத்து மண்ணைக் கிளறவும் வேண்டாம், ஏனென்றால் தெருப்பூனைகள் அங்கேயும் போகும். சரியாக வேகாத கறி, கழுவாத கீரை, காய்கறி வழியாகவும் இது வரும். பூனையை அனுப்பிவிட்டு இவற்றை விட்டுவிட்டால் பயனில்லை. மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள், வேண்டுமென்றால் ரத்தப் பரிசோதனை எழுதுவார்.

நகம் கீறினாலோ கடித்தாலோ அது யாராக இருந்தாலும், குட்டிதானே என்று விடக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள்.

கொண்டுபோய் விடுவதைப் பற்றி: பால் குடிக்கும் குட்டிகளைத் தாயோடு பழக்கமில்லாத இடத்தில் விடுவது அவற்றைச் சாகக் கொடுப்பதுதான். பட்டினியால் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. சொந்தக்காரர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். குட்டிக்கு நாலு வாரம் ஆகிறது. பால்சாதம், தயிர்சாதம் கொடுத்தே வளர்த்துவிடலாமா? எதிர்வீட்டுப் பூனை அப்படித்தான் வளர்ந்தது. (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: எதிர்வீட்டுப் பூனை தயிர்சாதத்தில் மட்டும் வளரவில்லை. கொல்லையில் எலி, ஓணான், பல்லி என்று மீதியைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும். பூனை பிறவியிலேயே மாமிச உண்ணி. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் அதன் கண்பார்வை போகும், இதயத் தசை தளரும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் கால்நடை மருத்துவர்கள் 1987இல்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்குப் பின் பூனை உணவுத் தயாரிப்பில் டாரினைக் கூட்டினார்கள், அந்த இதய நோயே வெகுவாகக் குறைந்தது. தயிர்சாதத்தில் அந்தச் சத்து கிடையாது.

உங்கள் வீட்டு அடுப்பில் மீன் வேக வேண்டாம். குட்டிகளுக்கான பாக்கெட் உணவு கடையில் கிடைக்கிறது, காய்ந்ததும் உண்டு, குழைவானதும் உண்டு. அதற்கென்று ஒரு தட்டு, ஒரு கரண்டி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த எத்தனையோ சைவ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. அதற்கும் மனசு ஒப்பவில்லையென்றால், மீன் சமைக்கும் வீட்டுக்குக் குட்டியைக் கொடுப்பதே நல்லது. இதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது பால் மறக்கடிக்கும் காலம். குழைவான உணவைக் குட்டிப்பாலில் கஞ்சிபோலக் கரைத்துத் தட்டையான தட்டில் வையுங்கள். முதல் நாள் அதில் நடக்கும், மூக்கை முக்கித் தும்மும், முகமெல்லாம் அப்பிக்கொள்ளும். விரல்நுனியில் தொட்டு உதட்டில் தடவினால் நக்கக் கற்றுக்கொள்ளும். பாலை ஒரேயடியாக நிறுத்தாமல் இரண்டு, மூன்று வாரத்தில் மெதுவாகக் குறையுங்கள். இது ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு கணக்கு. கூடப் பிறந்தது தட்டைக் காலி செய்கிறது என்பதற்காக இதை அவசரப்படுத்தக் கூடாது. குழம்பு, ரசம், மிச்சம் மீதி எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

கேள்வி: எங்கள் குட்டி ஆணா பெண்ணா? எப்படிப் பார்ப்பது? எல்லாக் குட்டிக்கும் கண் நீலமாக இருக்கிறது. அப்படியே இருக்குமா? (7ஆம் வகுப்பு மாணவன், திண்டுக்கல்)

பதில்: வாலை மெதுவாகத் தூக்கிப் பார், கண்ணா. மேலே ஒரு துளை, அதற்குச் சற்றுத் தள்ளிக் கீழே இன்னொரு புள்ளி என்று முக்காற்புள்ளி போல இருந்தால் ஆண். இரண்டும் நெருக்கமாக, கீழே இருப்பது சின்னக் கோடாக, அரைப்புள்ளியைப்போல இருந்தால் பெண். கூடப்பிறந்த குட்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சுலபமாகத் தெரியும். வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்று நிறமும் இருந்தால் பார்க்கவே வேண்டாம், அநேகமாகப் பெண்தான். முழு ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் ஆண். பிறந்து 7 முதல் 14 நாளில் கண் திறக்கும். நாமாகப் பிரிக்கக் கூடாது. நீலம் இருக்காது. ஆறு, ஏழு வாரத்தில் பச்சையோ மஞ்சளோ மெல்ல எட்டிப்பார்க்கும். நோட்டில் தேதி போட்டு எழுதி எனக்கு அனுப்பு.

கேள்வி: நான்கு குட்டிகளில் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. நேற்று வரை நன்றாகக் குடித்தவை. என் கவனக்குறைவா? மிச்சம் ஒன்று இருக்கிறது. (வாசகர், தூத்துக்குடி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நேரம் தவறாமல் பால் கொடுத்திருக்கிறீர்கள், எடை எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குட்டிகளுக்கு வேண்டியதைச் செய்திருக்கிறீர்கள். தாயில்லாக் குட்டிகளில் சில, எவ்வளவு பார்த்தாலும் வாடிப்போகும். பிறவிக் குறையாக இருக்கலாம், சீம்பால் கிடைக்காமல் போயிருக்கலாம், கிருமி இருக்கலாம். இவ்வளவு சின்ன உடம்பு நோயை வெளியில் காட்டுவதற்கு முன்பே தளர்ந்துவிடுகிறது.

ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் போனது என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பன்லியூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் குட்டிகளை இப்படிக் கொண்டுபோகும். வாந்தி, தண்ணீராக வயிற்றுப்போக்கு, சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமலேயே. மிச்சமிருக்கும் குட்டியை இன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய், மற்ற மூன்றுக்கும் நடந்ததை முழுக்கச் சொல்லுங்கள். மூன்றும் படுத்திருந்த துணி, பெட்டி எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். அந்தக் கிருமி ஒரு வருஷம்கூட ஓர் இடத்தில் உயிரோடிருக்கும். தரையை முதலில் சோப்பால் கழுவி, பிளீச்சிங் கரைசலைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். அது ஆகும்வரை குட்டி வேறு அறையில் இருக்கட்டும். தடுப்பூசி போடாத வேறு குட்டி எதையும் இப்போதைக்கு வீட்டுக்குள் சேர்க்காதீர்கள், யார் கெஞ்சினாலும்.

மிச்சக் குட்டிக்குக் கூட்டம் போய்விட்டது. துண்டைச் சுருட்டி அதன் பக்கத்தில் வையுங்கள், உங்கள் கையும் அடிக்கடி அதன்மேல் இருக்கட்டும். எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: குட்டிகளுக்கு ஐந்து வாரம். தெரிந்தவர்கள் இப்போதே கேட்கிறார்கள். ‘சின்னதாகக் கொடுத்தால்தான் ஒட்டும்’ என்கிறார்கள். ஆண் குட்டிக்கு மூன்று பேர் போட்டி. பெண்ணையும் கறுப்பையும் யாரும் கேட்கவில்லை. (வாசகி, மதுரை)

பதில்: ஐந்து வாரத்தில் கொடுக்காதீர்கள். குறைந்தது எட்டு வாரம், முடிந்தால் பன்னிரண்டு. ஒட்டுவதற்கும் வயசுக்கும் அவர்கள் நினைக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டிலிருந்து ஏழு வாரத்துக்குள் மனிதர் கை, குரல், மிக்ஸி சத்தம், குழந்தைகள், எல்லாம் பழகியிருந்தால் அது எந்த வீட்டிலும் ஒட்டும். அதை நீங்கள் உங்கள் வீட்டிலேயே பழக்கலாம். கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் கூடப்பிறந்தவைதான் கற்றுக்கொடுக்கும். ஒன்று வலிக்கக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். சீக்கிரமே பிரித்த குட்டி கையைக் கடிக்கும். அப்புறம் ‘கடிக்கிற பூனை’ என்று தெருவில் விட்டுவிடுவார்கள். ஐந்து வாரத்தில் கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள். மூன்று வாரம் காத்திருக்க மாட்டேன் என்பவர் பதினைந்து வருஷம் பார்த்துக்கொள்வாரா?

காத்திருக்கும் நேரம் வீணல்ல. வயிற்றுப் பூச்சிக்கான மருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்வார். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அதற்கடுத்த ஊசிகளைப் புது வீட்டார் போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. இதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் குட்டியோடு கொடுங்கள்.

வீட்டைப் போய்ப் பாருங்கள். நான் பார்க்காத வீட்டுக்குக் குட்டி கொடுப்பதில்லை. மாடி வீடென்றால் பால்கனியிலும் ஜன்னலிலும் வலை இருக்கிறதா? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? கேட்பவர் மகனாக இருப்பார், தட்டு வைக்கப்போகிறவர் அம்மாவாக இருப்பார். அந்த அம்மாவிடம் பேசுங்கள். ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? இதற்கு முன் வளர்த்த பூனை என்னவாயிற்று? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் நான் முடிவெடுப்பேன். ‘எங்கேயோ போயிடுச்சு’ என்று சாதாரணமாகச் சொன்னால் கொடுக்க மாட்டேன். பிறந்தநாள் பரிசாகக் கேட்பவர்களுக்கும் கொடுப்பதில்லை.

பெண்குட்டியை ஏன் கேட்பதில்லை என்பது நமக்குத் தெரியும். ‘அது குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்.’ உண்மைதான். நான்கு, ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும், சுமார் 65 நாளில் ஈன்றுவிடும், நம் ஊர் வெயிலுக்கு வருஷம் முழுக்கப் பருவம் வரும். அதற்கு மருந்து கருத்தடை அறுவை சிகிச்சை. நான்கிலிருந்து ஐந்து மாதத்துக்குள் செய்துவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. ஆணுக்கும் செய்ய வேண்டும். செய்யாத கடுவன் வீடெல்லாம் மூத்திரம் அடிக்கும், சண்டைக்குப் போய்ச் சீழ்க்கட்டியோடு திரும்பும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு என்று அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். வாங்குபவரிடம் ‘ஐந்தாம் மாதம் அறுவை சிகிச்சை’ என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த மாதம் நீங்களே போன் செய்து நினைவுபடுத்துங்கள், முடிந்தால் செலவில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுத் தாய்க்கும் மறக்காமல் செய்யுங்கள். பால் கொடுக்கும்போதே அது மறுபடி சினைப்படும்.

கறுப்புக் குட்டிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆணைக் கேட்கும் மூன்று பேரில் நல்ல வீடு எது என்று முடிவு செய்துவிட்டு, அவர்களிடம் ‘இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேளுங்கள். ஜோடியாகப் போகும் குட்டிகள் ஒன்றுக்கொன்று துணை. இரவில் அழாது, சோபாவைக் கிழிப்பதும் குறையும். சகுனம் பார்க்கும் வீட்டுக்குக் கறுப்பை வற்புறுத்தித் தள்ளாதீர்கள். முதல் கெட்ட செய்தி வந்த அன்று அந்தக் குட்டிதான் பழி சுமக்கும். அதை விரும்பிக் கேட்பவர் வருவார். வரும்வரை உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: பத்து வாரக் குட்டியை நேற்று கூட்டிவந்தோம். பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு வர மறுக்கிறது. சாப்பிடவும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: வேண்டாம், அதற்கு இரண்டு, மூன்று நாள் கொடுங்கள். கையை விட்டு இழுக்காதீர்கள். அந்த ஓர் அறை மட்டும் இப்போதைக்கு அதன் வீடு; கதவைச் சாத்தி, பீரோவுக்குப் பக்கத்தில் தண்ணீர், சாப்பாடு, எதிர்மூலையில் மணல் தட்டு. முன்பு வளர்த்தவரிடம் கேட்டு, அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் வாங்கி வந்து உள்ளே தள்ளுங்கள். அவர் கொடுத்த அதே உணவையே முதல் வாரம் கொடுங்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், ஏதாவது சத்தமாகப் படித்துக்கொண்டிருங்கள். உங்கள் குரல் பழகட்டும். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். இரவில் எல்லோரும் படுத்த பிறகு அநேகமாக வந்து சாப்பிடும். காலையில் தட்டைப் பாருங்கள். அப்போதும் தட்டு அப்படியே இருந்தால், மற்றபடி தெம்பாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குட்டிகள் ஒரு நாளைக்கு மேல் பட்டினி கிடக்கக் கூடாது. வளர்த்துக் கொடுத்தவருக்கும் இன்றே ஒரு போன் செய்யுங்கள். அது எந்தச் சத்தத்துக்கு ஓடிவரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.